வெட்டவெளியில் ஜெல்கோட் ஒட்டுப் போடுவது: வேலூர் வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம், வேலூர் சத்துவாச்சாரி. ஒரு பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரத்தில் விரிசல். பகல் 12 மணிக்கு 100 கிராம் ஜெல்கோட்டில் (ஃபைபர் பொருளின் வண்ண மேல்பூச்சு) 2 கிராம் கேட்டலிஸ்ட் (அதை இறுக வைக்கும் திரவம்) கலந்தேன். பாதி வேலை முடிவதற்குள் கப்பில் இருந்தது தயிர்க்கட்டி மாதிரி ஆனது. இன்னும் ஐந்து நிமிடத்தில் கப் கையில் பிடிக்க முடியாத சூடு. போட்ட இடத்திலோ குண்டூசியால் குத்தியது போல் முப்பது நாற்பது ஓட்டை.

சரி, பாடம் கற்றுக்கொண்டோம் என்று அதே வருஷம் டிசம்பரில் ஏலகிரியில் ஒரு மிதி படகுக்கு, அதே 100 கிராமுக்கு 1 கிராம் மட்டும் கலந்தேன். மாலை நாலரைக்குப் போட்டு, தார்ப்பாய் மூடிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மறுநாள் காலை படகுக்காரத் தம்பியின் போன்: “இன்னாண்ணா, நேத்து போட்டது இன்னும் கைல ஒட்டுது?” பதினான்கு கொண்டை ஊசி வளைவும் மறுபடி ஏறி, போட்டதை எல்லாம் சுரண்டி எடுத்தேன்.

இரண்டு இடத்திலும் பொருளில் தவறில்லை. தவறு என் கணக்கில்தான். கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைத்து வெயிலையும் குளிரையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையில் மாற்ற வேண்டியது வேலை செய்யும் நேரத்தை. ஜெல்கோட் நிழலில் இறுக வேண்டும். வெயில் அதற்கு அப்புறம்தான் தேவை. இந்த வரிசை புரட்டப்பட்டால் எந்த விலை உயர்ந்த டப்பா வாங்கினாலும் ஒட்டு நிற்காது.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது

ஃபைபர் பொருளின் மேல் பளபளவென்று தெரியும் வண்ணத் தோல்தான் ஜெல்கோட். பெயிண்ட் மாதிரி இருந்தாலும் பெயிண்ட் இல்லை. பெயிண்டில் தின்னர் ஆவியாகிப் போனதும் படலம் காய்கிறது. ஜெல்கோட் என்பது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் (பிசின்). அதில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் ரெசினோடு கைகோத்துக் கெட்டியாகிறது. கேட்டலிஸ்ட் என்று கடையில் தரும் எம்இகேபி (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) அந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது; கோபால்ட் அதை முடுக்குகிறது. இதில் பிறக்கும் சூடு வேலையை இன்னும் வேகப்படுத்தும். கப்பில் மொத்தையாக இருக்கும்போது சூடு வெளியே போக வழியில்லை, அதனால் அங்கே பொங்குகிறது. மேற்பரப்பில் அரை மில்லிமீட்டராகப் பரவியிருக்கும்போது சூடு தங்காது, அதனால் மெதுவாக நடக்கிறது.

மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு தோராயக் கணக்கு: 10 டிகிரி சூடு கூடினால் இறுகும் நேரம் பாதியாகும். 25 டிகிரியில் 16 நிமிடம் கையில் இருக்கும் கலவை, 35 டிகிரியில் எட்டு நிமிடம்தான் தாங்கும். கத்திரி வெயிலில் நிற்கும் நீல நிறச் சறுக்கு மரத்தின் மேல் பரப்பு காற்றின் வெப்பநிலையை விட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கும். அங்கே நிமிடக் கணக்கே கிடையாது.

இன்னொரு விஷயம் காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த வேதிவினையைத் தடுக்கும். எனவே ஜெல்கோட்டை அப்படியே திறந்து விட்டால் உள்ளே கெட்டியாகி, மேல்தோல் மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். தொழிற்சாலையில் ஜெல்கோட்டை அச்சுக்குள் முதலில் அடிப்பதால் பளபளப்பான பக்கம் அச்சோடு ஒட்டி இருக்கும், காற்று படாது. பின்பக்கப் பிசுபிசுப்பு அடுத்து வரும் மேட்டோடு (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டிக்கொள்ள உதவியாகவே இருக்கும். நாம் ஒட்டுப் போடும்போது நிலைமை தலைகீழ்: பளபளக்க வேண்டிய பக்கம்தான் காற்றைப் பார்த்து நிற்கிறது. அதை மூட மூன்று வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதம், எந்த மணி

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று. ஃபைபர் வேலைக்காரனுக்கு அந்த மரமில்லா மலைதான் தலைவலி. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, சூரியன் மறைந்த பிறகும் அனல் கக்கும். மலையடித் தெருக்களில் மாலை ஐந்தரைக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். பொருளின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் காத்திருங்கள். கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை கலக்க வேண்டாம். 20 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அருமை. 15-க்குக் கீழே போனால் வேலையையே தள்ளிப்போடுங்கள்.

மாலையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய ஃபைபருக்குள் நுண்ணிய இடைவெளிகளில் காற்று இருக்கும். பொருள் சூடேறிக்கொண்டே போகும் காலை நேரத்தில் அந்தக் காற்று விரிந்து, பச்சையாக இருக்கும் ஜெல்கோட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சத்துவாச்சாரியில் எனக்குக் கிடைத்த குண்டூசி ஓட்டைகள் அப்படி வந்தவைதான். பொருள் ஆறிக்கொண்டு வரும் மாலையில் அதே காற்று சுருங்கி, ஜெல்கோட்டை உள்ளே இழுக்கும்.

மார்ச் முதல் ஜூன் வரை: மாலை 5 மணிக்கு மேல், நிழலில். கோடை இரவிலும் இங்கே வெக்கை தணியாது என்பதால் இரவு முழுக்க அது இறுகிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தூக்கம் வராத அந்தப் புழுக்கம் ஜெல்கோட்டுக்கு நல்லது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியோடு மழை வந்து கெடுக்கும். மேலே கூரையோ இறுக்கிக் கட்டிய தார்ப்பாயோ இருந்தால் மாலையிலேயே போடலாம். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு, பொருளை முந்தைய நாளே நிழலுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். நிழலிலேயே இருந்தால் சூடேறும் வேகம் குறையும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெட்டவெளியில் வேண்டாம் என்பதுதான் என் பதில். தண்ணீர் நேரடியாகப் படாவிட்டாலும் ஈரக் காற்றில் ஜெல்கோட் வெளுத்துப்போகும், பிடிப்பும் குறையும்.

ஜனவரி, பிப்ரவரியில் பனி காய்ந்த பிறகு, பகல் ஒன்று முதல் இரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும். இரவுப் பனி இறங்குவதற்குள் மேல்தோல் கெட்டியாக வேண்டுமே. ஏலகிரி போல ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் சமவெளியைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. (2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம், இப்போது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஜெல்கோட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது, உயரம் தெரியும்.) அங்கே புங்கனூர் ஏரிப் பக்கம் வேலை என்றால் ஜனவரியில் நண்பகல்தான் ஒரே வழி.

வாங்கி வைக்க வேண்டியவை

ஜெல்கோட், கேட்டலிஸ்ட், நிறத்துக்கான பிக்மெண்ட் பேஸ்ட், அசிட்டோன், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் கொஞ்சம், மாஸ்கிங் டேப், ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்), பட்டித் தகடு, ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்சு, சமையலறைத் தராசு போன்ற ஒரு கிராம் தராசு, பனியன் வேஸ்ட் (துடைக்கும் துணி), 80 முதல் 1500 நம்பர் வரை வாட்டர் பேப்பர் (தேய்க்கும் உப்புத்தாள்), ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு பாலிஷ். தெர்மகோல் கப்பில் கலக்காதீர்கள். ஸ்டைரீன் பட்டால் அது கரைந்துவிடும். டீக்கடைப் பேப்பர் கப் போதும்.

ஜெல்கோட்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். குளிர்ந்த இடத்தில் வைத்தாலே சுமார் ஆறு மாதம்தான் ஆயுள். நம் ஊர்த் தகரக் கொட்டகையில் அதைவிடச் சீக்கிரம் டப்பாவுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கோபால்ட் ஏற்கெனவே கலந்ததா, தனியாகக் கலக்க வேண்டுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட் சேர்ப்பதாக இருந்தால் முதலில் அதை ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் எடுத்துப் போவதும் வேண்டாம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்டைரீன் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் வெப்பநிலை சுமார் 31 டிகிரி. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான். அதனால் திறந்த ஜெல்கோட் டப்பா பக்கத்தில் பீடி, கொசுவத்தி, வெல்டிங் எதுவும் கூடாது. அசிட்டோன் இன்னும் மோசம். வெளியில்தானே வேலை, முகமூடி எதற்கு என்று நினைக்க வேண்டாம். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி நார்த்தூசுக்கு என்95, கலந்து போடும்போது கரி வடிகட்டி வைத்த முகமூடி, முழுக்கைச் சட்டை. காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள்.

படி 1: விரிசல் எப்படி வந்தது என்று பாருங்கள்

சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால் அந்த இடம் வளைந்துகொடுக்கிறது என்று அர்த்தம். விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால், மேலே எத்தனை முறை ஜெல்கோட் போட்டாலும் அடுத்த கோடை விடுமுறைக்குள் அதே வலை திரும்ப வரும். பின்பக்கம் சுரண்டி, இரண்டு அடுக்கு மேட் ரெசினோடு ஒட்டி முறுக்கேற்றிய பிறகுதான் முன்பக்கத்தைத் தொட வேண்டும். சறுக்கு மரத்தில் போல்ட் முடுக்கிய இடத்தைச் சுற்றி வரும் விரிசலுக்கு முதலில் போல்ட்டைத் தளர்த்துங்கள், பெரிய வாஷர் போடுங்கள்.

முன்பு யாராவது இரண்டு உருண்டையைப் பிசைந்து அப்பும் எபாக்ஸி வைத்திருந்தால் முழுதும் நோண்டி எடுங்கள். எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பல இடத்தில் அது இறுகவும் விடாது. ஏலகிரிப் படகில் மூன்று இடத்தில் இந்த அப்பல் இருந்தது. அவற்றைத் தோண்டி எடுக்கவே அரை நாள் போனது.

படி 2: கழுவி, காய வைத்து, அசிட்டோன்

முதலில் சோப்புத் தண்ணீர். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. துணியைத் திருப்பித் திருப்பிப் புதுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அழுக்குத் துணியால் துடைப்பது மெழுகை ஊர்வலம் கூட்டிப் போவது போலத்தான். பேப்பர் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் பழைய மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும்.

தண்ணீரில் கிடந்த படகு மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு சாண் பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு மணி நேரம் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் சில நாள் காய வேண்டும். இங்கே மட்டும் வேலூர் வெயிலை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 3: விரிசலைத் திறப்பது

மயிரிழை விரிசலின் மேல் பூசினால் உள்ளே இறங்காது. சின்னக் கிரைண்டர் முனையாலோ கூரான சுரண்டியாலோ வி வடிவத்தில் திறந்துவிடுங்கள். நல்ல கெட்டியான இடம் வரும் வரை போங்கள். ஓரங்களைச் சரிவாக்கி, 80 நம்பர் பேப்பரால் சொரசொரப்பாக்குங்கள். விளிம்பு செங்குத்தாக நின்றால் பாலிஷ் போட்ட பிறகு அங்கே கருப்புக் கோடு தெரியும்.

பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால் ஜெல்கோட்டால் நிரப்பாதீர்கள். மொத்தமாகப் போட்ட ஜெல்கோட் சுருங்கும், வெடிக்கும். ரெசினில் பொடியாக வெட்டிய நாரையோ பாலியெஸ்டர் பட்டியையோ கலந்து முக்கால் பங்கு நிரப்பி, இறுகிய பின் தேய்த்து, மேலே ஜெல்கோட்டுக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் இடம் விடுங்கள். ஓட்டையே விழுந்திருந்தால் மேட் அடுக்க வேண்டும். அது தனி வேலை.

சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

படி 4: நிறம்

இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் இதுதான். வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. பத்து வருஷம் வெயிலில் நின்ற வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், துளி கருப்பு, சில நேரம் துளி பழுப்பு. முதலில் ஒட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓரங்குலம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேயுங்கள். வெளுத்த மேல்தோல் போய் அசல் நிறம் தெரியும். அதற்குத்தான் பொருத்த வேண்டும். வெளுத்த நிறத்துக்குப் பொருத்தினால் மொத்தப் பொருளையும் பாலிஷ் போட்ட அன்று ஒட்டு தனியாக முழிக்கும்.

கேட்டலிஸ்ட் கலக்காமல், பல் குச்சி நுனியில் தொட்டுத் தொட்டுப் பிக்மெண்ட் சேருங்கள். கருப்பு ஒரு துளி கூடினால் திரும்ப வழியில்லை, அரை லிட்டர் வெள்ளை ஊற்ற வேண்டியிருக்கும். கலந்ததை அந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்து, நிழலிலும் வெயிலிலும் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த பொருத்தம் வெளியே வந்தால் பல்லை இளிக்கும். பார்த்த பிறகு அந்தப் பொட்டை அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். இறுகியதும் நிறம் லேசாக மாறும் என்பதால், சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தில் கேட்டலிஸ்ட் கலந்து ஒரு ஷீட்டில் தடவி, மறுநாள் வைத்துப் பாருங்கள். பிக்மெண்ட் அளவு மீறிப் போனால் ஜெல்கோட் சரியாக இறுகாது. லேபிளில் உள்ள வரம்பைத் தாண்டாதீர்கள்.

படி 5: கலப்பது

உள்ளங்கை அளவு ஒட்டுக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு, பத்து கிராமுக்குள்தான் ஜெல்கோட் தேவை. ஆனாலும் 30 கிராமுக்குக் குறைந்து கலக்காதீர்கள். அவ்வளவு கொஞ்சத்தில் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு தவறினாலும் கணக்கு எங்கோ போய்விடும். மிச்சம் வீணாவது மறுபடி சுரண்டுவதைவிட மலிவு.

25 டிகிரியில் எடைக்கு 2%. 30-க்கு மேல் 1.5%. எந்த வெயிலிலும் 1.2%-க்குக் கீழே இறங்க வேண்டாம். எந்தக் குளிரிலும் 2.5%-ஐத் தாண்ட வேண்டாம். லேபிளில் வேறு வரம்பு போட்டிருந்தால் அதன்படி. குறைத்தால் அரைகுறையாக இறுகி, என் ஏலகிரிப் படகு மாதிரி நிற்கும். மறுநாள் வெயிலில் வைத்தாலும் அது முழுதாகத் தேறாது. கூட்டினால் நொறுங்கும் தன்மை வரும், மஞ்சளிக்கும். கேட்டலிஸ்ட் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், ஒரு மில்லி சுமார் 1.1 கிராம். ஆக 50 கிராம் ஜெல்கோட்டுக்கு 2% என்றால் சிரிஞ்சில் 0.9 மில்லி. சொட்டு எண்ணுவது வேண்டாம். பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டின் அளவு மாறும்.

வெயில் காலத்தில் மூடிய ஜெல்கோட் டப்பாவை ஒரு மணி நேரம் தண்ணீர் வாளியில் வைத்து எடுத்தால் கையில் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். திறப்பதற்கு முன் டப்பாவைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஒரு துளித் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஐஸ் வேண்டாம், டப்பா வியர்க்கும்.

கலக்கும்போது அடிக்காதீர்கள், மடியுங்கள். முட்டை நுரைப்பது போல் அடித்தால் காற்றுக்குமிழி சேரும். கப்பின் ஓரமும் அடியும் சுரண்டிச் சுரண்டி ஒன்றரை நிமிடம். ஜெல்கோட் வேலையில் அங்கங்கே மட்டும் இறுகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கப் ஓரம்தான்.

படி 6: போட்டு மூடுவது

முதலில் கொஞ்சம் எடுத்து விரிசலுக்குள் தகட்டால் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் மேலே நிரப்பி, சுற்றுப் பரப்பைவிட அரை மில்லிமீட்டர் மேடாக விடுங்கள். இறுகும்போது சுருங்கும்; தேய்க்கவும் சதை வேண்டும்.

இப்போது காற்றை அடைக்க வேண்டும். சின்ன ஒட்டுக்கு எனக்குப் பிடித்தது ஓஎச்பி ஷீட். ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் படுக்க வைத்து, விரலால் நீவிக் குமிழியை வெளியேற்றி, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். வளைவான இடத்தில் ஷீட் மடங்கும். அங்கே அகலமான செலோடேப்பை இழுத்து ஒட்டலாம். இரண்டாவது வழி பிவிஏ (தண்ணீரில் கரையும் படலத் திரவம்): ஜெல்கோட் ஜெல் ஆகத் தொடங்கியதும் மேலே மெல்லிசாக ஸ்ப்ரே செய்தால் தோல் போல மூடிக்கொள்ளும், பின்னால் தண்ணீரில் கழுவினால் போய்விடும். மழை வரும் நாளில் இதை நம்பாதீர்கள்.

மூன்றாவது வழி, ஸ்டைரீனில் கரைத்த மெழுகுக் கரைசலை ஜெல்கோட்டிலேயே சில சதவீதம் கலப்பது. இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து படலமாகும். பெரிய பரப்புக்கு இதுதான் வசதி. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு கண்டம் உண்டு. பரப்பு கொதிக்கும் சூட்டில் இருந்தால் மெழுகு உருகிய நிலையிலேயே நிற்கும், படலம் கட்டாது. வேகமாக இறுகினால் மெழுகு மேலே வர நேரமே கிடைக்காது. மெழுகு போட்டும் பிசுபிசுக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் மதியத்தில் போட்டவர்கள். அப்புறம், மெழுகு கலந்த பூச்சின் மேல் இன்னொரு பூச்சுப் போடுவதென்றால் முதலில் தேய்த்து மெழுகை எடுத்தாக வேண்டும்.

மேலே தார்ப்பாயைக் கூடாரம் போல, பொருளைத் தொடாமல் கட்டுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும். நிழலும் தூசி இல்லாமையும்தான் நோக்கம். புளியமரத்து நிழல் வேண்டாம். பூவும் எறும்பும் காக்கையும் தவறாமல் வரும்.

மிச்சக் கலவையைக் கப்போடு குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். மொத்தையாக இருக்கும் கலவை புகைந்து, உலர்ந்த சருகைப் பற்ற வைக்கும். ஒரு தகரத்தில் மெல்லிசாக ஊற்றிப் பரப்பிவிடுங்கள், ஓரமாக இறுகட்டும்.

படி 7: இறுகியது வேறு, முற்றியது வேறு

ஒரு மணி நேரத்தில் கெட்டியாகத் தெரியும். அதற்குள் ஷீட்டை உரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சமவெளியில் மறுநாள் காலை; மலையில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல். ஷீட்டை உரித்து நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் இன்னும் பச்சை. பதியவில்லை என்றால் அசிட்டோன் தொட்ட துணியால் இருபது தேய்ப்பு. துணியில் நிறம் வந்தாலோ இடம் ஒட்டும் தன்மைக்கு மாறினாலோ முற்றவில்லை.

நகம் பதியாத நிலை வந்த பிறகு தார்ப்பாயை எடுத்துவிடலாம். இப்போதுதான் வெயிலின் வேலை. ஒரு நாள் நிழலில் இறுகிய ஜெல்கோட் அப்புறம் 40, 50 டிகிரி சூட்டில் சில மணி நேரம் இருந்தால் மிச்சம் இருக்கும் ஸ்டைரீனும் இணைந்து நன்றாக முற்றும். தொழிற்சாலையில் இதற்கு அடுப்பு வைத்திருக்கிறார்கள். நமக்கு மேலேயே இருக்கிறது. காலை வெயிலில் தொடங்கினால் படிப்படியாகச் சூடேறும். மலையிலோ ஜனவரியிலோ என்றால் கருப்புத் துணியை மேலே விரித்துவிட்டால் சூடு பிடித்துவைக்கும். ஹாலஜன் விளக்கு வைப்பதென்றால் துணியை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி வையுங்கள், அடிக்கடி கை வைத்துப் பாருங்கள். சுட வேண்டும், ஆனால் உடனே கையை இழுக்க வைக்கக் கூடாது.

முழுசாக முற்ற ஒரு வாரம் ஆகும். இந்த ஒரு வாரத்தில் ஒட்டு இன்னும் லேசாகச் சுருங்கி உள்வாங்கும். மறுநாளே கண்ணாடி போல் பாலிஷ் போட்டுக் கொடுத்தால் பத்தாம் நாள் பள்ளம் தெரியும். சொரசொரப்புத் தேய்ப்பை மறுநாள் முடித்து, இறுதித் தேய்ப்பை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். கூலி கொடுப்பவர் முனகுவார். பரவாயில்லை.

படி 8: தேய்ப்பு

கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் விரல் தடம் வாய்க்கால் வாய்க்காலாக விழும். சின்ன மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். மேட்டைக் குறைக்க 220, சுற்றிலும் டேப் இருக்கும்போதே. மேடு சமமாகப் போகிற சமயம் டேப்பை எடுத்துவிட்டு 400-க்கு மாறுங்கள். இனி எல்லாம் தண்ணீரோடு, அதில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. 400, 600, 800, 1000, 1500. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் முழுதும் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பென்சிலால் மேலே கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் பள்ளம் எங்கே என்று பென்சில் கோடே காட்டிக்கொடுக்கும்.

பழைய ஜெல்கோட் அரை மில்லிமீட்டர்தான். ஒட்டைச் சமமாக்கும் ஆர்வத்தில் பக்கத்து நல்ல தோலைத் தேய்த்து நார் தெரிய வைத்துவிட்டால் புது ஒட்டு தேடிவரும். வளைவு விளிம்புகளில் இது கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும்.

படி 9: பாலிஷ்

கம்பளிப் பேட், குறைந்த வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குள். ரப்பிங் காம்பவுண்டைத் தடவி, மெஷினை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். நேர் வெயிலில் பஃபிங் செய்தால் காம்பவுண்ட் காய்ந்து அப்பிக்கொள்ளும். இதற்கும் நிழல்தான். முடிந்ததும் கழுவி, காய்ந்த பின் கார்னாபா மெழுகு இரண்டு கை. வெயிலில் நிற்கும் பொருளுக்கு வருஷம் இரண்டு முறை, பங்குனியில் ஒன்று, மழை முடிந்து ஒன்று.

சொதப்பினால்

மேலே மட்டும் பிசுபிசுப்பு, அடியில் கெட்டி: காற்று பட்டிருக்கிறது. அசிட்டோனால் துடைத்து எடுத்துவிட்டுத் தேய்ப்புக்குப் போகலாம். துடைக்காமல் தேய்த்தால் பேப்பர் ஒரு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

அடி வரை கொழகொழ: கேட்டலிஸ்ட் குறைவு, சரியாகக் கலக்காதது, அல்லது குளிர். ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்துப் பாருங்கள். மாறவில்லையென்றால் சுரண்டி எடுப்பது தவிர வழியில்லை. மேலே கேட்டலிஸ்ட் தடவினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதலைத்தோல் மாதிரிச் சுருக்கம்: முதல் பூச்சு மிக மெல்லிசு, அல்லது அது முற்றும் முன் இரண்டாவது போட்டது. புதுப் பூச்சின் ஸ்டைரீன் பழையதை ஊற வைத்துத் தூக்கிவிட்டது. தேய்த்து எடுத்து மறுபடி.

குண்டூசி ஓட்டை: ஒவ்வொன்றையும் முனையால் கொஞ்சம் அகலப்படுத்தி, புதிதாகக் கலந்து, அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். சத்துவாச்சாரியில் நான் அப்படித்தான் இரண்டு மாலை உட்கார்ந்தேன், சறுக்கு மரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் “முடிஞ்சிருச்சா அங்கிள்?” என்று கேட்டுக்கொண்டே இருக்க.

அப்புறம், தகரத்தில் ஊற்றிய மிச்சம் மறுநாள் பிஸ்கட் மாதிரி உரிந்து வரும். அதன் பின்பக்கம் மார்க்கரால் தேதி, மாலையா மதியமா, கையால் பார்த்த சூடு, எத்தனை சதவீதம், என்னென்ன பிக்மெண்ட் எத்தனை கிராம் என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அடுத்த முறை அதே படகு வரும்போது முதலில் திறப்பது அதைத்தான்.